காயங்களைக் கழுவிய சிறைக் காவலர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நம் ஆலயங்களில் ஆசிரியர்களுக்காகச் செபிக்கிறோம். செவிலியர்களுக்காகவும் மீனவர்களுக்காகவும் உழவர்களுக்காகவும் செபிக்கிறோம். விசுவாசிகள் மன்றாட்டில் சிறையில் இருப்போரையும் நினைவுகூருகிறோம். ஆனால் அந்தச் சிறையின் சாவியைக் கையில் வைத்திருப்பவருக்காக யாராவது மன்றாட்டு எழுதி வந்து வாசித்ததை நான் அதிகம் கேட்டதில்லை. புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று மத்திய சிறைகள் இருக்கும் ஊர்களின் பங்குகளில் இவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து, சிவந்த கண்களோடு முதல் திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசையில் நிற்பார்கள். பணி மாற்ற ஆள் இல்லாத வாரங்களில் அதற்கும் வழியில்லை. கிறிஸ்து பிறப்பு விழா என்றாலும் உயிர்ப்பு விழா என்றாலும் சிறைக்கு விடுமுறை கிடையாது.

இன்று அவர்களோடு பேச விரும்புகிறேன். அவர்கள் வழியாக நம் எல்லாரோடும் பேச விரும்புகிறேன். ஏனென்றால், பணியிடத்து விதி ஒன்று சொல்ல, மனசாட்சி இன்னொன்று சொல்வதுபோலத் தோன்றும் நேரம் நம் எல்லாருக்குமே வருகிறது.

திருத்தூதர் பணிகள் நூல் 16ஆம் அதிகாரத்தில் ஒரு சிறைக் காவலர் வருகிறார். பெயர் இல்லை. ஊர் பிலிப்பி, மாசிதோனியாவில் இருந்த உரோமையர் குடியேற்ற நகரம். குறி சொல்லித் தன் முதலாளிகளுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்த ஓர் அடிமைப் பெண்ணைப் பவுல் தீய ஆவியிடமிருந்து விடுவித்தார். வருமானம் போயிற்று என்று அந்த முதலாளிகள் பவுலையும் சீலாவையும் நடுவர்கள் முன் இழுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை இல்லை. உடைகளைக் கிழித்து, தடிகளால் அடித்து, சிறையில் தள்ளினார்கள். சிறைக் காவலருக்கு வந்த ஆணை ஒன்றே ஒன்று: இவர்களைக் கவனமாகக் காவல் செய்ய வேண்டும்.

அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். உட்சிறையில் அடைத்தார். கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார். பிறகு போய்த் தூங்கிவிட்டார். அடிபட்டு வந்த இருவரின் முதுகிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றோ, காயத்தைத் துடைக்கக் கூடாது என்றோ எந்த நடுவரும் ஆணையிட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆனாலும் அன்று மாலை அந்தக் காயங்கள் அவர் கண்ணில் படவில்லை. ஆணையை நிறைவேற்றியாயிற்று, கதவைப் பூட்டியாயிற்று, வேலை முடிந்தது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. வேலையைச் செய்தவர், அவ்வளவுதான். நம்மில் பலரைப் போல.

நள்ளிரவில் பவுலும் சீலாவும் இறைவனைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். நிலம் அதிர்கிறது. கதவுகள் திறக்கின்றன. விலங்குகள் கழன்று விழுகின்றன. விழித்தெழுந்த காவலர் திறந்த கதவுகளைப் பார்த்ததும் வாளை உருவித் தம்மையே மாய்த்துக்கொள்ளப் போகிறார். ஏன்? அதே நூலின் 12ஆம் அதிகாரத்தில் விடை இருக்கிறது. பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, ஏரோது காவலர்களை விசாரித்து அவர்களைக் கொல்ல ஆணையிட்டான். கைதி தப்பினால் காவலரின் தலை போகும். அந்தக் கதவு பவுலை மட்டுமல்ல, காவலரையும் சேர்த்தே பூட்டியிருந்தது.

அந்த நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து பவுல் உரக்கக் கத்துகிறார்: உமக்கு நீரே தீங்கு செய்துகொள்ள வேண்டாம், நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்கிறார். தன் காலைத் தொழுமரத்தில் மாட்டியவரின் உயிரைக் கைதி காப்பாற்றுகிறார். விளக்கு வருகிறது. காவலர் நடுங்கிக்கொண்டு அவர்கள் முன் விழுகிறார். மீட்படைய என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்கிறார். பிறகு, அந்த இரவு நேரத்திலேயே, அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறார். அதன்பிறகே அவரும் அவர் வீட்டாரும் திருமுழுக்குப் பெறுகிறார்கள். மாலையில் கண்ணில் படாத காயம் நள்ளிரவில் கண்ணில் பட்டது. அவருடைய மனமாற்றத்தின் முதல் அடையாளமே அதுதான்.

அன்பார்ந்தவர்களே, இங்கே நாம் வழக்கமாக நிறுத்திவிடுகிறோம். விடிந்த பிறகு நடந்ததையும் பாருங்கள். நடுவர்கள் ஆள் அனுப்பி, அந்த மனிதர்களை விட்டுவிடச் சொல்கிறார்கள். அந்தச் செய்தியைப் பவுலிடம் கொண்டுபோய்ச் சொல்வது யார்? அதே காவலர். இரவில் அவர்களுக்கு உணவு பரிமாறினார், ஆனால் பின்வாசல் வழியாக அனுப்பிவிடவில்லை. அவர்களும் போகவில்லை. திருமுழுக்குப் பெற்ற காவலர் மறுநாள் காலையிலும் காவலராகவே இருந்தார். அவர் வேலையை விட்டுவிட்டார் என்று லூக்கா ஓரிடத்திலும் சொல்லவில்லை. யோர்தான் கரையில் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது திருமுழுக்கு யோவானும் படையை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது, பொய்க் குற்றம் சுமத்தக் கூடாது, கிடைக்கும் ஊதியம் போதும் என்றிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சிறைக் காவலர் பணி கிறிஸ்தவருக்கு ஆகாத பணி அல்ல. அந்தச் சீருடையிலும் ஒருவர் புனிதராகலாம்.

அது எப்படி என்பதுதான் கேள்வி. சிறைக் காவலராகப் பணியாற்றும் ஓர் இளைஞர் ஒரு நாள் பங்கு இல்லத்து வராந்தாவில் உட்கார்ந்து என்னிடம் மனம்விட்டுப் பேசினார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அல்ல. அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். எந்தச் சிறை என்று சொல்லப் போவதில்லை. "சாமி, உள்ளே சட்டம், வெளியே நற்செய்தி. இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சுமப்பது?" என்று கேட்டார். அவரிடம் இரண்டு சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, இரக்கம் பற்றியது. அவருடைய தொகுதியில் ஒரு விசாரணைக் கைதி. ஊரில் அம்மாவுக்கு உடல்நிலை மோசம். "அண்ணே, உங்க செல்லுல ஒரே ஒரு நிமிஷம் பேசிக்கிறேன்" என்று அழுகிறான். கொடுத்தால் விதிமீறல். கொடுக்காவிட்டால் கல்நெஞ்சம். இயேசு என்றால் கொடுத்திருப்பார் அல்லவா, சாமி?

நான் சொன்னேன்: தம்பி, அந்த விதி ஏன் வந்தது என்று முதலில் பார். 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சிறை அலுவலர் எவரும் கைதியோடு நேராகவோ மறைமுகமாகவோ பணத் தொடர்போ வியாபாரத் தொடர்போ வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனால் மனிதர்களை அறிந்தவர்கள் எழுதியது. உள்ளே ஒரு பீடிக்கும் விலை உண்டு, ஒரு நிமிடப் பேச்சுக்கும் விலை உண்டு. இன்று இரக்கத்தில் செய்த உதவிக்கு நாளை அவன் வீட்டார் ஐந்நூறு ரூபாய் நீட்டுவார்கள். நாளை மறுநாள் இன்னொருவன், அவனுக்குச் செய்தீர்களே, எனக்குச் செய்யாவிட்டால் மேலே சொல்லிவிடுவேன் என்பான். கடைசியில் பணம் உள்ளவனுக்கே இரக்கம் கிடைக்கும். யாருமற்ற ஏழைக் கைதி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அந்த விதி அவனுக்காகத்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்தத் தாயின் மகனுக்கு என்ன செய்வது? இறைவாக்கினர் எரேமியாவின் நூலில், 38ஆம் அதிகாரத்தில், எபேது மெலேக்கு என்ற எத்தியோப்பியர் வருகிறார். அரண்மனைப் பணியாளர். எரேமியாவைச் சேறு நிறைந்த பள்ளத்தில் இறக்கிச் சாகவிட்டிருந்தார்கள். இவர் இரவோடு இரவாகக் கயிறு போட்டுத் தூக்கவில்லை. நகர வாயிலில் அமர்ந்திருந்த அரசன் செதேக்கியாவிடம் நேரே போய், இது அநீதி, அந்த மனிதர் பசியால் செத்துப்போவார் என்று வெளிப்படையாகச் சொன்னார். அனுமதி வாங்கினார். ஆள் வாங்கினார். அதோடு முடித்துக்கொண்டாரா? இல்லை. அரண்மனையிலிருந்து கந்தல் துணிகளைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குளுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அதன்பிறகு எரேமியாவை மேலே தூக்கினார். அதன் பிறகும் எரேமியா காவல்கூட முற்றத்தில் கைதியாகத்தான் இருந்தார். ஆனால் உயிரோடு இருந்தார். அரசனின் ஆணையில் கந்தல் துணி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைக் கொண்டுபோனது அவருடைய இரக்கம்.

சிறைக்குள்ளேயே தொலைபேசி வசதி இருக்கிறது. நல அலுவலர் இருக்கிறார். கண்காணிப்பாளருக்கு மனு எழுதலாம். எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யலாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையங்கள் சட்டம் சொல்கிறது. இந்த வழிகள் எல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். மனுவைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், அது எந்த மேசையில் கிடக்கிறது என்று நாள்தோறும் கேட்பாயே, அதுதான் நீ கொண்டுபோகும் கந்தல் துணி.

இரண்டாவது சிக்கலைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. கூடப் பணியாற்றும் ஒருவர் ஒரு கைதியை அடித்துவிட்டார். வழுக்கி விழுந்ததாக எழுதச் சொல்கிறார்கள். விசாரணை வரப் போகிறது. "எல்லாரும் ஒரே சீருடை, சாமி. காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வாங்கினால் அப்புறம் உள்ளே என் முதுகை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

இந்த அச்சத்தை லேசாக எண்ணாதீர்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவே ஒரு சிலராக நிற்கும் இடம் அது. சக காவலரின் நம்பிக்கைதான் அங்கே உயிர். ஆனாலும் அவரிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அதே 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, புதிதாக வரும் குற்றவியல் கைதியை மருத்துவ அலுவலரின் ஆணைப்படி கூடிய விரைவில் பரிசோதித்து, அவர் உடலில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. பிலிப்பியில் அன்று மாலை யாரும் செய்யாததை இந்தச் சட்டம் கட்டாயமாக்குகிறது: காயத்தைப் பார், எழுது. அந்த ஒரு வரி உண்மையாக எழுதப்பட்டால், வெளியே அடித்தவர் உள்ளே விழுந்தான் என்று சொல்ல முடியாது; உள்ளே அடித்தவர் வெளியிலேயே இருந்த காயம் என்று சொல்ல முடியாது. 2020 ஜூன் மாதம் நம் தென்மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக உயிரிழந்தார்கள். அப்போது அதே காவல் நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்தின் நடுவிலும், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். சீருடைக்கு அவர் துரோகம் செய்தாரா? சீருடையின் மானத்தைக் காத்தார் என்றே நான் சொல்வேன்.

தில்லி திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, தன்னோடு இருந்த வேறொரு கைதி காவலரால் சித்திரவதை செய்யப்பட்டதைக் கடிதமாக உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. சிறை வாசலோடு மனிதரின் அடிப்படை உரிமைகள் நின்றுவிடுவதில்லை என்பதை நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு 1979இல் அந்த வழக்கில் நிலைநாட்டியது. நல்லது. ஆனால் எனக்கு ஒரு மன வருத்தம் உண்டு. அந்தக் கடிதத்தை எழுதியவர் ஒரு கைதி. எழுதியிருக்க வேண்டியவர் சீருடை அணிந்தவர் அல்லவா?

அந்த இளைஞர் விசாரணையில் உண்மையைச் சொன்னார். அதன்பின் சில மாதங்கள் அவரோடு தேநீர் குடிக்க யாரும் வரவில்லை. தொடர்ந்து கோபுரக் காவல் போட்டார்கள். மழையிலும் வெயிலிலும் தனியாக நின்றார். அதை மறைத்து, உண்மை பேசினால் எல்லாம் நலமாகும் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். சிலுவையின் விலை தெரிந்த திருச்சபை அப்படிப் பேசக் கூடாது. அவர் ஒன்று சொன்னார்: "சாமி, அந்தக் கைதி நல்லவன் இல்லை. ஆனால் இப்போது அவன் முகத்தை என்னால் பார்க்க முடிகிறது."

சகோதர சகோதரிகளே, விதியை மதியுங்கள் என்று சொன்ன வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா விதியும் நீதி ஆகிவிடாது. நம் நாட்டில் பல மாநிலங்களின் சிறை விதிகளில், இன்ன சாதிக்குத் துப்புரவு, இன்ன சாதிக்குச் சமையல் என்று வேலை பிரிக்கும் வரிகள் சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்தன. 2024 அக்டோபர் 3ஆம் நாள்தான் உச்ச நீதிமன்றம் அவை அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்து, சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது. அதுவரை சாதி பார்த்து விளக்குமாற்றைக் கையில் கொடுத்தவர், விதிப்படிதானே செய்தேன் என்று சொல்லியிருப்பார். கடவுளின் சாயலைச் சேற்றில் தள்ளும் விதிக்குப் பின்னால் கிறிஸ்தவர் ஒளிந்துகொள்ள முடியாது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே முதன்மையானது என்று தலைமைச் சங்கத்தின் முன் திருத்தூதர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பவுலையே பாருங்கள். கதவு திறந்தபோது ஓடாதவர், விடிந்ததும் சும்மா போகவும் மறுத்தார். உரோமைக் குடிமக்களான எங்களைத் தீர்ப்பின்றி ஊரறிய அடித்தார்கள். இப்போது யாருக்கும் தெரியாமல் அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிச் செல்லட்டும் என்றார். நடுவர்கள் அஞ்சி, நேரில் வந்து கேட்டுக்கொண்டார்கள். விதி கைதியைக் கட்டுப்படுத்துகிறது, காவலரைக் கட்டுப்படுத்துகிறது, மேலே இருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. மூவரையும் கட்டும்போதுதான் அது விதி. ஒருவரை மட்டும் கட்டினால் அது வெறும் கயிறு.

இனி, சிறை வாசலைப் பார்த்திராத நமக்கு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் நம் தெருவில் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. கைதியின் மனைவி ஆலயத்தில் கடைசி இருக்கைக்குப் போய்விடுகிறாள். அவள் பிள்ளையின் முதல் நற்கருணைக்கு நாம் போகத் தயங்குகிறோம். காவலரின் வீட்டையும் நாம் விடுவதில்லை. கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தால், உள்ளே அந்தப் பெரிய ஆள் எப்படி இருக்கிறார், சொகுசாக இருக்கிறாராமே என்று கதை கேட்கிறோம். பணியில் தெரிந்ததை வெளியே பேசக் கூடாது என்பது அவருக்கு விதி. அதை உடைக்கச் சொல்வது நாம். சொந்தக்காரர் ஒருவருக்குச் சலுகை வாங்கித் தரச் சொல்லி அவர் வீட்டு வாசலில் நிற்பதும் நாம்தான்.

அதற்குப் பதிலாக மூன்று காரியம் செய்யுங்கள். அவரிடம் சிறைக் கதை கேட்காதீர்கள். தூங்கினீர்களா, பிள்ளைகள் நலமா என்று கேளுங்கள். கைதியின் குடும்பத்துக்குச் சட்ட உதவி மையத்துக்கு வழி காட்டுங்கள். தனியாகப் போகப் பயந்தால் கூடப் போங்கள். விசுவாசிகள் மன்றாட்டில் கைதியையும் காவலரையும் ஒரே மன்றாட்டில் சேர்த்து எழுதுங்கள். பிலிப்பியில் அவர்கள் ஒரே மேசையில் உண்டார்கள். நம் மன்றாட்டில் அவர்களைப் பிரிக்க வேண்டாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் தம் முதல் பெரிய வியாழனன்று உரோமையில் உள்ள இளையோர் சிறைக்குப் போய்ப் பாதங்களைக் கழுவினார். 2024 டிசம்பர் 26ஆம் நாள் ரெபிபியா சிறையில் புனிதக் கதவைத் திறந்தார். 2025 பெரிய வியாழனன்று, தாம் இறப்பதற்கு நான்கு நாள்களுக்கு முன், நோயுற்ற உடலோடு ரெஜினா செலி சிறைக்குப் போனார். சிறை வாசல் ஆலய வாசலுக்குத் தூரமில்லை என்று அவர் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நம் ஆண்டவரும் ஓரிரவு காவலில் இருந்தவர். காவலர் அவரை அடித்தார்கள். அவர் உடையைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டார்கள். அதே காவலில் நின்ற நூற்றுவர் தலைவர்தான் அவரை இறைமகன் என்று அறிக்கையிட்டார். இரண்டு கூட்டமும் ஒரே சீருடைதான் அணிந்திருந்தது.

அன்புக்குரிய சிறைக் காவலரே, இந்த இரவும் நீங்கள் பணிக்குப் போகலாம். எண்ணிக்கை எடுப்பீர்கள், அடைப்பீர்கள், பூட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். அதைச் சரியாகச் செய்யுங்கள், அதுவும் இறைப்பணியே. பூட்டிய பிறகு ஒரு கணம் நின்று, உள்ளே யாருக்காவது காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சொல்லுங்கள், எழுதுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிலிப்பி ஊர்க் காவலருக்கு மீட்பு அந்த இடத்தில்தான் தொடங்கியது.

செபிப்போம். கட்டுண்டவராய் நின்ற இயேசுவே, சிறைக் கதவுக்கு உள்ளே இருப்போரையும் வெளியே நிற்போரையும் உம் காயப்பட்ட கரங்களில் ஏந்தியருளும். உண்மை பேசுகிறவருக்குத் துணிவையும், தனித்து விடப்பட்டவருக்குத் துணையையும், காத்திருக்கும் தாய்மாருக்கு ஆறுதலையும் தாரும். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.